மச்சாள் பார்க்க வந்த பட்டினம்

என் அண்ணா இங்கிலாந்தில் ஒரு சந்தைப் பட்டினத்தில் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து அங்கேயே செத்துப்போனார். அந்த ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்தவர். அவருடைய மனைவி, என் மச்சாள், அதே ஊரில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். சாம்பலை ஒரு மரப்பெட்டியில் வைத்து, போன வருடம் மாசி மாதம், ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்தார். அதுவரை அவரை நான் நேரில் கண்டதில்லை. போனில் மட்டும் "ஹலோ தங்கச்சி" என்பார். அண்ணா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாராம்.

நான் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வியும் வரலாறும் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கலியாணம் செய்யவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா போன பிறகு கோயிலுக்குக் கிட்ட, திருத்திக் கட்டிய எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறேன். அந்த வீட்டு வாசலில் வான் வந்து நின்றதும் மச்சாள் இறங்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி சுற்றிப் பார்த்தார். "பட்டினம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. நாங்கள் நின்றதே பட்டினத்துக்குள்தான்.

அன்று பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணா சொல்லிச் சொல்லி வழி அவருக்கே தெரிந்திருந்தது. இறங்குதுறையில் நின்று தூரத்தில் தெரிந்த கடற்கோட்டையைச் சரியாகக் காட்டினார். பிறகு திரும்பி, சுங்கக் கட்டடம், வழக்குக் கேட்கிற கோடு, தபாற்கந்தோர், அரிசிக் கிட்டங்கி, பிறகு மூலையில் உங்கள் அப்பாவின் கடை என்று விரலை மடித்து மடித்துச் சொன்னார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு இடத்தைக் காட்டவேண்டியிருந்தது. ஓடு கழற்றின சுவர், நிலை பிடுங்கின வாசல், உன்னிப் பற்றை மூடின வளவு. மூலைக்கு வந்தபோது கடையின் முன்சுவர் மட்டும் நின்றது. ஆலங்கன்று ஒன்று அதைப் பிளந்து வளர்ந்து, இப்போது சுவரை விடத் தடிப்பாகி இருக்கிறது.

"இதுவா?" என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.

அவர் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, போன குளிர்காலத்தில்கூட அந்தக் கடையை ஒரு சைக்கிள்காரருக்கு வாடகைக்கு விட்டிருப்பதாக அண்ணா சொன்னார் என்றார். கடைத்தெரு இன்றைக்கும் சனக்கூட்டமாக இருக்கிறது, நெடுந்தீவு வள்ளங்கள் வந்து நிற்கின்றன, தங்கச்சி எல்லாவற்றையும் போனில் சொல்லுகிறவள் என்று சொல்லுவாராம். நான் போனில் சொன்னதெல்லாம் வேறு. கூரை போனதைச் சொன்னேன். ஆலங்கன்று முளைத்ததைச் சொன்னேன். வெட்டச் சொல்லட்டோ என்று கேட்டபோது, விடு, நிழலுக்கு நிற்கட்டும் என்றவர் அண்ணாதான். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை அந்த மனுசிக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பாரைமீன் குழம்போடு சோறு போட்டேன். உறைப்புக்குக் கண் கலங்கக் கலங்கச் சாப்பிட்டபடி அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கே நூலகத்தில் வேலை செய்தவர் என்பதால் பழைய காலம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ராசா ஒருவர் எழுதிக்கொடுத்த உரிமையோடு தொடங்கின சந்தையாம். சுற்றுவட்டக் கிராமங்களில் இருந்து செம்மறி ஆடும் கம்பளி மயிரும் தானியமும் அங்கேதான் வரும். எங்கள் மாவட்டம் மாதிரி அவர்களுக்குக் கவுண்டி. கவுண்டி விளைவித்ததைப் பட்டினம் விற்றது. கவுண்டியின் வழக்கைப் பட்டினம் தீர்த்தது. பிளேக் நோய் பட்டினத்துக்கு வந்தபோது கிராமங்கள் எல்லைக் கல்லில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தூரப் போய் நின்றன. பிறகு ரயில் பாதையை மூடினார்கள். நீதிமன்றம் கவுண்டியின் பெரிய நகரத்துக்குப் போனது. மாட்டுச் சந்தை இருந்த இடம் இப்போது ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடம். கடைசியில் எல்லைக் கோட்டையே மாற்றி அந்த ஊரைப் பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிட்டார்களாம். கிழவர்கள் இன்னும் விலாசத்தில் பழைய கவுண்டியின் பெயரைத்தான் எழுதுகிறார்களாம்.

"உங்களுக்கும் இதேதானே? தீவுகள் கவுண்டி, இது பட்டினம். அவர் அப்படித்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்" என்றார்.

பாதி சரி என்று சொன்னேன். அனலைதீவில் இருந்து புகையிலை, நெடுந்தீவில் இருந்து ஆடும் நெய்யும் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும், நயினாதீவில் இருந்து வழக்குக்காரர்கள் என்று எல்லாம் இந்தத் துறையில்தான் வந்து இறங்கும். பர்மாவில் இருந்து அரிசித் தோணி வந்த காலமும் இருந்தது. ஒருவருக்குக் கலியாணமோ காணிச் சண்டையோ எது வந்தாலும் ஊர்காவற்றுறைக்கு வராமல் முடியாது. பிறகு தீவுகளை இணைத்துக் கடலுக்குக் குறுக்கே தாம்போதிகள் போட்டார்கள். யாழ்ப்பாணத்து பஸ் நேரே அடுத்த தீவின் துறையான குறிகட்டுவான் வரைக்கும் ஓடத் தொடங்கியது. வள்ளங்களும் அங்கே மாறின. எங்களைத் தாண்டிப் போக வழி கிடைத்ததும் சனம் தாண்டித்தான் போனது. அதுவரைக்கும் இரண்டு ஊர்க் கதையும் ஒன்றாகத்தான் போனது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். இலங்கையில் யுத்தம் நடந்ததை அறியாதவர் இல்லையே.

சேமக்காலைக்குப் போனபோதுதான் அவருக்கு என்ன தெரியாது என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவின் கல்லறைக்குள் ஒரு சின்னக் குழி வெட்டிச் சாம்பலை வைப்பதற்குப் பங்குச் சுவாமியிடம் அனுமதி வாங்கியிருந்தேன். இடத்தைக் காட்டினேன். மச்சாள் குனிந்து அம்மாவின் பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கத்துக் கல்லறைகளைப் பார்த்தார்.

"அப்பாவுடையது எது? பெரியாஸ்பத்திரியில் இதய வருத்தத்தால் இறந்தவர் அல்லவா? இங்கே கொண்டுவந்துதானே அடக்கம் செய்தீர்கள்?"

அண்ணா சொன்ன பொய்யைத் தொடருவது லேசாகத்தான் இருந்திருக்கும். பெயரில்லாத கல்லறைகள் அங்கே நிறைய இருந்தன, ஒன்றைக் காட்டியிருக்கலாம். ஆனால் அம்மா அந்தப் பொய்யை ஒருநாளும் சொன்னதில்லை. உள்ளதைச் சொன்னேன்.

படையினர் தீவுக்குள் இறங்கப்போகிறார்கள் என்ற கதை வந்ததும் சனம் வள்ளங்களில் யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. நானும் அம்மாவும் ஒரு பையோடு போனோம். அப்பா, கடையில் கிடக்கிற வலையையும் கயிற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு அடுத்த நாள் வருகிறேன் என்றார். வரவில்லை. தீவுக்குத் திரும்பிப் போக விட்டபோது வருடங்கள் கழிந்துவிட்டன. கடை நான் காட்டின மாதிரித்தான் கிடந்தது, மரம் மட்டும் இல்லை. அப்பா இல்லை. எலும்பு இல்லை, உடுப்பு இல்லை, கண்டேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அம்மா அவருடைய படத்தைக் கொண்டு அரசாங்கக் கச்சேரிக்கும் படை முகாம்களுக்கும், பிறகு வந்த விசாரணைக் குழுக்களுக்கும் நடந்தா. ஒவ்வொரு இடத்திலும் முதலில் இருந்து சொல்லச் சொன்னார்கள். அம்மாவும் முதலில் இருந்து சொன்னா. சாகும்வரைக்கும் அவருக்காக, செத்தவர்களுக்குக் கொடுக்கிற ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்க அம்மா விடவில்லை.

மச்சாள் பக்கத்துக் கல்லறை விளிம்பில் இருந்துவிட்டார். அழவில்லை. அவருடைய கழுத்தும் காதும் சிவந்துபோயின. அண்ணா இதை ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று என்னிடம் கேட்கவும் இல்லை.

கொஞ்சம் கழித்துத் தன் ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் நிற்கிற ஒரு கல்லைப் பற்றிச் சொன்னார். பழைய பெரிய யுத்தத்தில் போய்த் திரும்பி வராத பொடியன்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவருடைய பாட்டனாரின் தம்பியும் அதில் ஒருவர், உடல் கிடைக்கவில்லை. அதே பெயர் கவுண்டியின் பெரிய தேவாலயச் சுவரிலும் வெட்டப்பட்டிருக்கிறதாம். பட்டினம் ஒருமுறை, கவுண்டி ஒருமுறை. சின்ன வயதில், அவர் இரண்டு தரம் செத்தவர் என்று நினைத்தாராம்.

"உங்கள் அப்பாவின் பெயர் எங்கே இருக்கிறது?"

"ஒரு இடத்திலும் இல்லை" என்றேன்.

அப்படியென்றால் அம்மாவின் கல்லில் வெட்டுவோம், அண்ணாவின் பெயரோடு சேர்த்து இப்போதே வெட்டுவோம் என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் கல்லில் வெட்டினால் அவர் செத்தவர் என்றாகிவிடும். "ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மொழிபெயர்க்க வாய் திறந்தேன். தேவையில்லை என்று கையைக் காட்டினார். கடைசி நாட்களில் அண்ணா அந்தச் சொல்லைத்தான் அடிக்கடி சொன்னவராம். எழும்ப ஏலாது, விழுங்க ஏலாது.

ஞாயிறு பூசை முடிந்து சுவாமி வந்து செபித்தார். சாம்பலை வைத்து மூடினோம். கல்வெட்டுகிறவரிடம் அண்ணாவின் பெயரை மட்டும் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டொரு நாள் எனக்கும் மச்சாளுக்கும் இடையில் பேச்சுக் குறைந்துபோனது. அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குசினிக்குள் வேலை இருப்பதுபோல நிற்பேன்.

நெடுந்தீவுக்குப் போகவேண்டும் என்று கேட்டது அவர்தான். பட்டினத்தைப் பார்த்துவிட்டேன், கவுண்டியின் கடைசி மூலையையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். காற்றுக் கடுமையாக இருந்தது. உள்ளே இருந்த பெண்கள் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். மச்சாள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சத்தி எடுத்தார். முன்னால் இருந்த ஒரு அம்மா தேசிக்காய் ஒன்றைக் கொடுத்து மணக்கச் சொன்னா.

தீவில் ஒரு ஓட்டோ பிடித்துச் சுற்றினோம். வெட்டையும் முருகைக்கல் வேலிகளும், நடுவெயிலில் அசையாமல் நிற்கிற குதிரைகளும். பூட்டின வீடுகளைக் கடந்துகொண்டே இருந்தோம். திரும்புகிற வள்ளத்துக்கு நேரம் இருந்ததால் துறையடித் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். அங்கே ஒரு வயதாளி, முன்பு கடலுக்குப் போய் இப்போது கண் மங்கிப் போனவர், சத்தத்தை வைத்து என் பக்கம் திரும்பி எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். எந்தப் பகுதி என்றார். கடைத்தெரு மூலை, வலைக்கடை என்றேன்.

"வலைக்கடைக்காரற்றை மகளோ நீர்?"

ஓம் என்றேன். அவர் தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்தார். அப்பாவிடம்தான் தான் எப்போதும் கயிறு வாங்கினதாகச் சொன்னார். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, கடைசியாகக் கண்டதையும் சொன்னார். எல்லாரும் போன அடுத்த நாள் காலமை, காரைநகர்ப் பக்கம் மாட்டுப்பட்டிருந்த மச்சானை ஏற்றிக்கொண்டு வந்த வழியில், குடிக்கத் தண்ணீர் எடுக்க எங்கள் துறையில் வள்ளத்தைக் கட்டினாராம். தெருவில் நாய்கள் மட்டும் நின்றன. எங்கள் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. அப்பா உள்ளே போன் வைத்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தார்.

"வாங்கோ அண்ணை, வள்ளத்திலை இடமிருக்கு, யாழ்ப்பாணக் கரையிலை இறக்கிவிடுறன் எண்டு கேட்டனான். மாட்டன் எண்டிட்டார். மூத்தவன் லண்டனிலையிருந்து போன் எடுப்பான், சண்டை எண்டு கேள்விப்பட்டால் கட்டாயம் எடுப்பான், அவனுக்குத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்டுதான், எடுத்து ஆளில்லாட்டில் பொடியன் பயந்துபோவான் எண்டார்."

"போன் வேலை செய்ததோ?" என்று கேட்டேன்.

"எங்கை வேலை செய்தது. கம்பி அறுந்து எத்தினை நாள். அதையும் சொன்னனான். திருத்துவாங்கள் எண்டார்."

இதை ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்டேன். அப்பாவைக் கண்டவர் ஒருவரும் இல்லை என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"கொம்மாவுக்கு அப்பவே சொன்னனான், பிள்ளை. யாழ்ப்பாணத்திலை, கோயில் அகதி முகாமிலை கண்டு சொன்னனான். பெரியவனுக்கு மட்டும் இது போகக்கூடாது எண்டு என்ரை கையைப் பிடிச்சவா."

அம்மா அதை எனக்கும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே குசினியில், இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அண்ணா போன் எடுக்கும்போதெல்லாம் நான் ரிசீவரை நீட்டினால், சுகமோ சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுவா. காது கேளாததால் என்று நினைத்திருந்தேன்.

மச்சாள் என் முழங்கையைத் தொட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மறைக்க நினைத்தேன். ஆனால் எதையும் சுற்றி வளைத்து மெதுவாக்கிச் சொல்லும் அளவுக்கு என்னிடம் இங்கிலிஷ் இல்லை. அந்தக் கிழவர் சொன்னதைச் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன்.

மச்சாள் துறையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வள்ளத்தில் சாமான் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். பிறகு, கலியாணம் முடித்த புதிதில் அண்ணா ஒவ்வொரு ஞாயிறு காலமையும் படியடியில் இருந்த ரெலிபோனில் ஒரு நீள நம்பரைச் சுழற்றுவார் என்றார். காதில் வைத்துக்கொண்டு நிற்பார். வைத்துவிட்டுத் திரும்பவும் சுழற்றுவார். லைன் கிடைக்கவில்லை என்பார். அது மாதக்கணக்கில் நடந்தது. ஒரு நாள் மச்சாள் வேலையால் வந்தபோது, அப்பா ஆஸ்பத்திரியில் செத்துப்போனார் என்று அண்ணா சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த நம்பரைச் சுழற்றவில்லை.

"நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எப்படி அறிந்தீர்கள் என்று கேட்கவில்லை" என்றார் மச்சாள்.

அப்பா தன் போனுக்காக இருந்தவர் என்பது அண்ணாவுக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமலே ஊகித்திருப்பாரா? வள்ளத்தில் மச்சாள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கடையைச் சைக்கிள்காரருக்கு வாடகைக்கு விட்ட கதைக்காக அண்ணா மேல் இருந்த கோபம் எனக்குள் எங்கே போனது என்று தெரியவில்லை. அதன் இடத்தில் வந்தது கோபத்தை விட நல்லதாக இருக்கவுமில்லை.

மச்சாள் போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துப் போன் எடுத்தார். தன் ஊர்ச் சதுக்கத்துக் கல்லில் அப்பாவின் பெயரை வெட்ட முடியுமா என்று கேட்டுப் போனாராம். ஆளில்லாத பெயர் என்றால் அந்தக் கல்லுக்குப் பழக்கம்தானே என்று நினைத்தாராம். பட்டின சபையில், இது எங்கள் கையில் இல்லை, கவுண்டியிடம் கேளுங்கள் என்றார்கள். கவுண்டியில், எந்தப் பட்டினத்து ஆள் என்று கேட்டார்கள். கடைசியில் மிக மரியாதையாக, இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு நடுவில் நின்றுபோனது. கச்சேரியில் இருந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறபோது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

அதன் பிறகு நான் கனகாலம் யோசித்தேன். அப்பா வருவார் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தா என்றுதான் அந்தக் கல்லை வெறுமையாக விட்டேன். இப்போது அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செத்துப்போனார் என்று ஒப்புக்கொண்டால், ஏன் அங்கே நின்றவர் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி கடல் தாண்டி மகனிடம் போய்விடும் என்று அம்மா பயந்திருக்கலாம். மகன் இப்போது அவவின் காலடியில் கிடக்கிறார். இனி யாரைக் காப்பாற்றுவது?

ஐப்பசி மாதம் கல்வெட்டுகிறவரைக் கூப்பிட்டு அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். பிறந்த திகதியைச் சொன்னேன். இறந்த திகதி என்று அவர் கேட்டபோது தெரியாது என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தீவில் அவருக்கு அது புதிதில்லை.

கார்த்திகையில் மரித்தோர் திருநாளுக்கு, முதன்முறையாக, அப்பாவின் பெயரைப் பூசைக்குக் கொடுத்தேன். சுவாமி இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். அப்பாவின் பெயர் வந்தபோது எனக்கு முன் வாங்கில் இருந்த பெண் சடாரென்று திரும்பிப் பார்த்தாள். என்னிடம் படித்தவள். அவளுடைய தகப்பனும் அதே கிழமை இந்த ஊரில் இருந்து காணாமல் போனவர். அப்போது அவள் தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றாள்.

"ரீச்சர், நீங்கள் பேர் குடுத்திட்டியளோ?"

"ஓம் பிள்ளை. குடுத்திட்டன்."

அவள் என் முகத்தை வடிவாகப் பார்த்தாள். குற்றம் சொல்லுகிறாளோ, என்னிடம் ஏதாவது கேட்கிறாளோ என்று எனக்குப் பிடிபடவில்லை.

"என்னாலை ஏலாது" என்றாள். பிறகு சேலைத் தலைப்பைத் தலையில் இருந்து எடுத்துவிட்டு, வெயிலுக்குள் இறங்கி நடந்து போனாள்.